அந்த 60 லட்சத்துல எங்க பசங்களும் இருக்காங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல சிங்கப்பூரோட வளர்ச்சி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா எங்க கடலூர் ஜனங்களுக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு அதுல விட்டுப்போச்சு, அதான் எழுதறேன்.

நான் மஞ்சக்குப்பத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். சிங்கப்பூர் போற பசங்க ஐபிஏ லெட்டர், அதான் வேலைக்கு வர முன் அனுமதின்னு அந்த ஊரு அரசாங்கம் குடுக்கற கடிதம், அத பிரிண்ட் எடுக்க என்கிட்டதான் வருவாங்க, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, முதுநகர்னு எல்லா பக்கமிருந்தும் வருவாங்க. என் தம்பியும் அங்கதான் இருந்தான், 6 வருஷம்.

60 லட்சம் பேர் வாழற பணக்கார ஊருன்னு போட்டிருந்தீங்க. 2024 ஜூன் கணக்குல 60 லட்சத்து 40 ஆயிரம், சரிதான். ஆனா அதுல குடிமக்கள் 36 லட்சத்து 40 ஆயிரம், பிஆர்னு சொல்ற நிரந்தரவாசிங்க 5 லட்சத்து 40 ஆயிரம், மீதி 18 லட்சத்து 60 ஆயிரம் பேர் வெளியாளுங்க. பத்துக்கு மூணு பேர்! அங்க பொறப்பு விகிதம் 2023லயே 0.97க்கு எறங்கிடுச்சு, ஒரு பொண்ணுக்கு ஒரு புள்ள கூட இல்ல, அப்புறம் கட்டடம் கட்ட, கப்பல் பட்டறைல வெல்டிங் அடிக்க ஆளு வெளியிலேருந்துதான வரணும்.

தனிநபர் வருமானம் எழுதியிருந்தீங்களே, நாட்டோட மொத்த உற்பத்திய மொத்த ஜனத்தொகையால வகுத்து வர்ற கணக்கு அது, 2024ல வருஷத்துக்கு சுமாரா 1 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர், வருது. வகுக்கறப்ப எங்க பசங்களையும் சேத்துதான் வகுக்கறாங்க. என் தம்பிக்கு பேசிக், அதான் அடிப்படை சம்பளம், ஒரு நாளைக்கு 18 வெள்ளி. மாசம் 26 நாள்னு வச்சாலும் வருஷத்துக்கு 5,616 வெள்ளி, ஓவர்டைம் பாத்துதான் மிச்சம் புடிச்சான். போறதுக்கு ஏஜென்டுக்கு குடுத்தது மூன்றரை லட்சம் ரூபாய், அண்ணி நகைய அடகு வச்சு, பத்தாததுக்கு வட்டிக்கும் வாங்கி. முதல் ஒன்றரை வருஷ சம்பளம் அந்த கடனுக்கே போச்சுங்க.

சிங்கப்பூர் மேல எனக்கு கோவம் இல்ல. தமிழ் அங்க ஆட்சிமொழிகள்ல ஒண்ணு, என் தம்பி வீடு கட்டினதும் அந்த காசுலதான். துறைமுகத்த நம்பி பொழச்ச ஊருதான் எங்க ஊரும், 1690லயே இங்கிலீஷ் கம்பெனிக்காரன் இங்க தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்கிட்டான், அதே கம்பெனியோட ராஃபிள்ஸ் சிங்கப்பூர்ல கால் வச்சதே 1819லதான். ஆனா அவங்களுக்கு மலாக்கா ஜலசந்தி வாசல்ல ஆழமான துறைமுகம், எங்களுக்கு உப்பனாறு. கப்பல் வெளிக்கடல்ல நின்னுச்சு, சரக்க படகுலதான் கொண்டாந்தாங்க. 2024ல மட்டும் அங்க 20 அடி கன்டெய்னர் கணக்குல 4 கோடிக்கு மேல கையாண்டிருக்காங்க, இங்க வேலை இல்லாம பசங்க கெளம்பறாங்க.

அதனால கேக்கறது இதுதான். அந்த ஊரப் பத்தி எழுதும்போது ஒர்க் பெர்மிட், அதான் அங்க வேலை செய்யற அனுமதி, அது பத்தியும் நாலு வரி எழுதுங்க. சாதாரண ஒர்க் பெர்மிட்ல பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிட்டு போய் வச்சுக்க முடியாது. பெர்மிட்டுக்கு அரசாங்கம் வாங்கற லெவிய முதலாளிதான் கட்டணும், தொழிலாளி சம்பளத்துல புடிக்கக்கூடாது. ஐபிஏல போட்ட சம்பளத்த தொழிலாளி எழுத்துல ஒத்துக்காம கொறைக்கக்கூடாது. இதெல்லாம் அந்த ஊரு சட்டம், எங்க பசங்களுக்கு யாரும் சொல்றதில்ல.

போன வாரம் கூட ஒரு பையன் வந்தான், இருபத்திரெண்டு வயசு இருக்கும். பேசிக் எவ்ளோப்பான்னு கேட்டேன், ஏஜென்ட் 30 வெள்ளி சொன்னாருண்ணேன்னான். அவன் ஐபிஏல தமிழ்ல இருந்த பக்கத்த எடுத்து காமிச்சேன், 20ன்னு போட்டிருந்துது. பணம் கட்டி அப்பவே பத்து நாள் ஆயிடுச்சாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.