படம் இல்லை, சத்தம் இருக்கிறது

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ "விடுங்கப்பா, நாலாவது தடவையா முதல்லேர்ந்து போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. குவாஹாட்டியில் ஹாஸ்டல் அறையில் நீ தனியாகக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய். நாலாவது தடவை மட்டும் போடாதே.

சீனியர் கொடுத்த லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டால், அதன் லோகோ வரைக்கும் வருகிறது, அப்புறம் இருட்டு என்கிறாய். மூன்று தடவையும் அதே இடம். அப்படியென்றால் நீ இன்ஸ்டால் செய்ததில் தப்பில்லை. அதே பென்டிரைவ், அதே லேப்டாப். நாலாவது தடவையும் அங்கேதான் போய் நிற்கும்.

1982ல் கலர் டிவி வந்த வருஷம் நான் புரசைவாக்கத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தேன், உனக்குத் தெரியும். முதல் மாதம் முழுக்க முதலாளி எனக்கு ஸ்க்ரூ டிரைவரையே கையில் கொடுக்கவில்லை. 'டிவி ஓடலை' என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் கேட்க வேண்டும்: படம் இல்லையா, சத்தமும் இல்லையா? சத்தம் வந்தால் பவர் சப்ளையும் டியூனரும் நன்றாக இருக்கின்றன. ஸ்கிரீன் பக்கத்தில் கையைக் கொண்டுபோகும்போது முடி சிலிர்த்து நின்றால், பிக்சர் டியூபுக்குப் போகும் உயர் வோல்டேஜ், அதாவது ஈ.ஹெச்.டி., வருகிறது. பிக்சர் டியூபின் கழுத்தில் செக்கச்செவேலென்று தெரிந்தால் ஹீட்டர் எரிகிறது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அரை ரூபாய் ரெசிஸ்டர் ஒன்றில் வந்து நிற்கும். எதையும் பார்க்காமல் முழு போர்டையும் மாற்றுகிறவனை அவர் மெக்கானிக் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். நீ இப்போது செய்வது போர்டு மாற்றுகிற வேலைதான்மா.

அதே கேள்விகளை லேப்டாப்பிடம் கேள். திரை இருண்டதும் கேப்ஸ் லாக் விசையை அழுத்து. அழுத்த அழுத்த அதன் விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, உயிரோடு இருக்கிறது. நீ தொடாமலே அது விட்டுவிட்டு மின்னினால் கெர்னலே நின்றுபோயிருக்கும், அது வேறு வைத்தியம். அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பார். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருக்கும் பேக்லைட்தான் எரியவில்லை. அப்புறம் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்து. கறுப்பில் வெள்ளை எழுத்தாக லாகின் கேட்டால், நீ போட்ட லினக்ஸ் முழுசாக உள்ளே இருக்கிறது. பழுது கிராபிக்ஸ் பக்கம் மட்டும்தான்.

உன்னுடையது இந்த வகை என்றே எனக்குப் படுகிறது. சீனியர் கொடுத்தது என்று நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்டெல், என்விடியா என்று இரண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் ஒரே பெட்டிக்குள் இரண்டு கிராபிக்ஸ். சாதாரண வேலைக்கு இன்டெல், கனமான வேலைக்கு என்விடியா. லோகோ வரைக்கும் நீ பார்ப்பது ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள், அமைத்துக் கொடுத்த படம். அதற்குப் பிறகு கெர்னல், கிராபிக்ஸை ஓட்டும் மென்பொருளான தன் டிரைவரைக் கூப்பிட்டு, திரையின் அளவையும் வேகத்தையும் தானே அமைக்கப் பார்க்கும். மோட் செட்டிங் என்பது அதுதான். படம் கைமாறுகிற இடம் அது, உன் படம் தொலைவதும் அங்கேதான். என்விடியாவுக்காக லினக்ஸோடு கூடவே வரும் டிரைவரின் பெயர் நூவோ. அந்த கம்பெனி விவரங்களை வெளியே கொடுக்காத காலத்தில், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்தே வெளியாட்கள் எழுதியது. 2010ல் கெர்னலுக்குள் சேர்ந்தது. நானும் சர்க்யூட் டயகிராம் இல்லாமல் டிவியைத் திறந்தவன் என்பதால் அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனாலும் எல்லா கார்டோடும் அது ஒத்துப்போவதில்லை.

சரி, செய்ய வேண்டியது. லேப்டாப்பை ஆன் செய்து, கம்பெனி பெயர் வந்ததும் எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை தட்டு. பதற்றத்தில் பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டி, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப்பின் வெறும் கட்டளை வரிக்குப் போய்விடும். மெனு வந்ததும் முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில இ எழுத்தை அழுத்து. லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரி ஒன்று இருக்கும். அதன் கடைசியில் குவயட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள். அவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் நோமோட்செட் என்று இடைவெளி இல்லாமல், ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடி. பிறகு எஃப்10. வேறு எதையும் தொடாதே. இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அதனால் பயப்படாமல் செய். 'டிரைவரைக் கூப்பிடாதே, ஃபர்ம்வேர் கொடுத்த படத்தோடே போ' என்று கெர்னலிடம் சொல்கிறோம், அவ்வளவுதான்.

திரை வரும். எழுத்து பெரிதாக, எல்லாம் மெதுவாக இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, வெளி மானிட்டரும் வேலை செய்யாது. அதோடு நின்றுவிடாதே, அது ஊன்றுகோல்தான். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் எந்த கார்டு என்று சொல்லிவிடும். அதை எழுதி வைத்துக்கொள். பிறகு அடிஷனல் டிரைவர்ஸ் என்ற இடத்துக்குப் போனால் என்விடியா டிரைவர்களின் பட்டியல் வரும். பரிந்துரை என்று குறித்திருப்பதையே எடு. எண் பெரியதாக இருக்கிறதே என்று வேறொன்றுக்குப் போகாதே.

இனிமேல் சொல்வதை இரண்டு தடவை படி. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றது இல்லையா, அதற்குப் பிறகுதான் உன் காலேஜ் லேப்டாப்பில் நான் உபுண்டு போட்டேன். அதிலும் இதே இரண்டு கிராபிக்ஸ். டிரைவர் போடும்போது, ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் கையெழுத்து உள்ள மென்பொருளை மட்டுமே ஏற்கும் செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு கேட்டது, ஏதோ ஒன்றைக் கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது விசையை அழுத்து என்றது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் பத்து விநாடி ஓடி, திரை தானாகப் போய்விட்டது. டிரைவர் உள்ளே இருந்தும் கெர்னல் அதை ஏற்றிக்கொள்ளவில்லை, கையெழுத்துக்கு ஒப்புதல் இல்லாததால். இரண்டு நாள் விளங்காமல் அலைந்து, கடைசியில் ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் டிவிக்கு ஈ.ஹெச்.டி. பாகம் வாங்கப் போன அதே தெருவில், உன் வயசுப் பையன் ஒருவன் கேட்டான்: "அந்த நீலத் திரையில என்ரோல் கொடுத்தீங்களா சார்?"

ஆகவே பாஸ்வேர்டைக் கையில் எழுதிக்கொள். நீலத் திரை வந்ததும் உடனே ஒரு விசையை அழுத்தி, டிரைவரின் கையெழுத்துக்கு ஒப்புதல் தரும் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடு.

இன்னொன்று. நோமோட்செட்டை யாராவது சொன்னார்கள் என்று க்ரப் ஃபைலில் நிரந்தரமாகச் சேர்த்திருந்தால், சரியான டிரைவர் வந்தபின் அதை எடுத்துவிட்டு அப்டேட் க்ரப் கட்டளையைக் கொடு. எடுக்காவிட்டால் இன்டெல் டிரைவரும் வேலை செய்யாமல் கிடக்கும், டிரைவர் சரியில்லை என்று நீ வீணாகத் தேடிக்கொண்டிருப்பாய். டார்ச்சில் மட்டும் படம் தெரிகிற கேஸாக இருந்தால் வழி வேறு. அதே க்ரப் வரியில் ஏசிபிஐ பேக்லைட்டுக்கு ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும், அப்போது என்னைக் கூப்பிடு.

இதெல்லாம் செய்தும் இருட்டாகவே இருந்தால், நோமோட்செட்டோடு உள்ளே போய் ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1 என்று கேள். போன தடவை எங்கே நின்றது என்று அதுவே வரிவரியாகச் சொல்லும். சிவப்பு எழுத்தில் வருவதைப் போட்டோ எடுத்து அனுப்பு. எனக்குப் புரியாவிட்டால் ரிச்சி தெருப் பையனிடம் காட்டிக் கேட்கிறேன்.

உன் தீசிஸ் ஃபைல்கள் பழைய ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன, நேற்றுதான் திறந்து பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. அம்மா கறிவடகம் கட்டி வைத்திருக்கிறாள், நாளைக்குப் பார்சலில் போடுகிறேன்.

இன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் பக்கத்திலேயே இருப்பேன். முதலில் அந்த கேப்ஸ் லாக் விளக்கைப் பார்த்துவிட்டுச் சொல்.

அன்புடன்
அப்பா