வலி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கு உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே சிகிச்சை கோரும் மனு

அனுப்புநர்:
விசைத்தறித் தொழிலாளி, பள்ளிபாளையம் பகுதி.
(மகனின் நலன் கருதிப் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நாமக்கல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் வீட்டுக்காரர் வாய்ப் புற்றுநோயில் படுத்திருந்தபோது அரசு மருத்துவமனையில் மார்பின் மாத்திரை கொடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. மலச்சிக்கல் வராமலிருக்க அதோடு இன்னொரு மருந்து. எத்தனை கொடுத்தோம் என்று செவிலியர் நோட்டில் எழுதிக்கொள்வார். கடைசி மாதம் அவர் வலியில்லாமல் தூங்கினார். அவர் போனபிறகு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே இனத்து மருந்துதான் என் மகனைப் பிடித்தது. ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுகிறவன். தோள் வலிக்கு யாரோ கொடுத்த டேபெண்டடால் மாத்திரை. "வலி மாத்திரைதானுங்கம்மா" என்றான், நானும் நம்பினேன். ஆறு மாதத்தில் ஒன்று ஐந்தாயிற்று. பிறகு தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தான். மாத்திரையில் கலந்திருக்கும் மாவு கரையாமல் ரத்தக்குழாயை அடைத்து, கை வீங்கிப் புண்ணானது. ஒருவர் போட்ட ஊசியையே இன்னொருவரும் போட்டதில் ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் தொற்றியிருக்கிறது. மாத்திரை கிடைக்காத நாளில் உடம்பு முறுக்கி, வயிறு கலங்கி, கண்ணும் மூக்கும் ஒழுகக் கிடப்பான். திமிர் என்று சொன்ன சொந்தக்காரர்கள் யாரும் அந்த ராத்திரிகளில் எங்கள் வீட்டில் இல்லை.

கடன் வாங்கி ஒரு தனியார் மையத்தில் மூன்று வாரம் வைத்தோம். பூட்டி வைத்தார்கள், மருந்து எதுவும் தரவில்லை. வெளியே வந்த நாலாம் நாள் பழைய அளவையே போட்டான். இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. உதடு நீலம் பாரித்து, மூச்சு விட்டு விட்டு வந்தது. 108-இல் ஆற்றுப்பாலம் தாண்டி ஈரோடு கொண்டுபோய், இந்த இனத்து மருந்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டபிறகுதான் கண் திறந்தான்.

ஆகவே நான் முதலில் கேட்பது சிகிச்சை. நாக்கடியில் கரையும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் ஊழியர் கண்முன்னே தினமும் கொடுக்கிறார்கள். உடம்பு முறுக்காது, ஊசி தேவைப்படாது, வேலைக்குப் போகலாம். ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்கிறார்கள். சர்க்கரை நோயாளி தினமும் மருந்து சாப்பிடுவதை யாரும் அப்படிக் கேட்பதில்லையே. இதை எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவந்து, ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வாங்கிக்கொள்ளும் நேரத்தில் தர வேண்டும். நலாக்சோன் அங்கேயும் ஆம்புலன்ஸிலும் எப்போதும் இருக்க வேண்டும்.

இதே இனத்து இன்னொரு வலி மாத்திரையான டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. டேபெண்டடாலையும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, ஆனாலும் கிடைக்கிறது. மெடிக்கலுக்கு வந்த அட்டை எத்தனை, சீட்டுக்கு விற்றது எத்தனை என்று மருந்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். அந்தக் கெடுபிடியில் புற்றுநோயாளிக்கு மார்பின் கிடைக்காமல் போய்விடக் கூடாது. என் வீட்டுக்காரர் தூங்கிய தூக்கம் அவர்களுக்கும் வேண்டும்.

மகன் பதினெட்டு நாளாக எதுவும் போடவில்லை. இந்த நேரம்தான் ஆபத்து என்று இப்போது எனக்குத் தெரியும். அவனையும் அழைத்துக்கொண்டுதான் மனுக் கொடுக்க வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்