சாட்சிக்கு எஞ்சியவர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஆஷ்வெல் என்ற கிராமத்துக்குப் போய் வந்தேன். அங்கே செயின்ட் மேரி தேவாலயம் இருக்கிறது. சின்ன ஊர்தான், ஆனால் கோபுரம் 176 அடி. பதினான்காம் நூற்றாண்டில் எழுப்பியது. கட்டிய கல்லுக்கு கிளஞ்ச் என்று பெயர், சுண்ணப்பாறையிலிருந்து வெட்டி எடுப்பது. செதுக்குவதற்குச் சுகமான கல், ஆனால் மழைக்குத் தாங்காது. வெளிச்சுவரைப் பார்த்தாலே தெரிகிறது, அங்கங்கே அரித்துப் போயிருக்கிறது.

உள்ளே அந்த மென்மையே வரமாகியிருக்கிறது. ஆணி முனை இருந்தால் போதும், யாரும் எழுதலாம். கோபுரத்தின் உள்பக்க வடக்குச் சுவரில் லத்தீனில் யாரோ கீறியிருக்கிறார்கள். நேராக நின்று பார்த்தால் வெறும் கீறல்தான். செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன், ஒவ்வொரு எழுத்தாக நிழல் விழுந்து எழுந்து நின்றது. 1350, பரிதாபமான, கொடூரமான, வெறிபிடித்த காலம், சாட்சி சொல்ல எஞ்சியிருப்பது மக்களில் கடைப்பட்டவர்கள் மட்டுமே என்று பொருள்.

1348-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோயைத்தான் சொல்கிறது. நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 1361-இல் அது திரும்பவும் வந்தபோது குழந்தைகளைத்தான் அதிகமாக வாரிக்கொண்டது. அதே சுவரில் அந்த ஆண்டும் இருக்கிறது, புனித மவுருஸ் நாளில் அடித்த பெரும் புயலோடு. அது ஜனவரி 15. நம் கணக்கில் 1362, அவர்களுக்கோ ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும், அதனால் சுவரில் 1361.

தன்னையும் அந்தக் கடைப்பட்டவர்களில் சேர்த்துத்தானே அந்த ஆள் எழுதியிருக்க வேண்டும்? எனக்கு அதுதான் தாங்கவில்லை. பிழைத்ததைப் பெருமையாக அவர் நினைக்கவில்லை. ஆனாலும் எழுதினார். ஊரும் தேவாலய வேலையைக் கைவிடவில்லை, 1381-இல் கட்டி முடித்தார்கள்.

பக்கத்திலேயே ஒரு பெரிய தேவாலயத்தின் படமும் கீறலாக இருக்கிறது. 1666 தீயில் எரிந்த லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயம் அது என்கிறார்கள். அப்புறம் ஒரு தூணில், 'மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, துப்புகிறேன்' என்று இன்னொருவர்! கொத்தனாராகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேலையை நேசிக்கிறவனுக்குத்தான் அப்படி வரும்.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அடுக்களைக் கதவோரம் பிள்ளைகளின் உயரத்தை உன் அம்மா கரிக்கோடு போட்டு வைத்திருந்தாரே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் அந்த ஒரு முழச் சுவரை மட்டும் விட்டுவிட்டு வெள்ளையடிக்கச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்