5000னு போட்டிருக்குன்னு பேட்டரிய பிடுங்கின உங்க கவுண்டர் பத்தி ஒரு புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்களுக்கு

பொருள்: திருப்பித் தராத ரெண்டு லித்தியம் பேட்டரி, உடைஞ்சு வந்த மாடல் விமான இறக்கை, உங்க ஸ்டாஃபுக்கே தெரியாத உங்க ரூல்ஸ்

வணக்கம் சார்/மேடம்,

போன வாரம் உங்க ஃபிளைட்டுல ரிமோட் கண்ட்ரோல் மாடல் விமானம் ஒண்ண எடுத்துட்டுப் போனேன். டிக்கெட் நம்பர், பேக்கேஜ் டேக் நம்பர், போட்டோ எல்லாம் இதோட வெச்சிருக்கேன். கஸ்டமர் கேருக்கு போன் பண்ணா "உங்க கருத்து எங்களுக்கு முக்கியம்"னு ரெக்கார்டிங் மட்டும்தான் ஓடுது, சாட்ல போனா ஒவ்வொரு தடவையும் புது ஆள் வந்து முதல்லேர்ந்து கேக்கறாங்க, அதனால முழுசா எழுதியே அனுப்பிடறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நான் கொண்டு வந்தது என்னன்னு முதல்ல சொல்லிடறேன். விமானத்தோட இறக்கை தனிப் பெட்டில, செக்-இன்ல. கைப்பையில லைப்போ பேட்டரி, அதாவது லித்தியம் பாலிமர். நாலு 4எஸ் பேட்டரி பேக் (4எஸ்னா நாலு செல் தொடரா இருக்குன்னு அர்த்தம், 6எஸ்னா ஆறு), ஒவ்வொண்ணும் 14.8 வோல்ட், 5000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-ஹவர்), அதாவது 5 ஆம்பியர்-ஹவர். அதத்தவிர ரெண்டு 6எஸ் பேக், 22.2 வோல்ட், அதுவும் 5000 எம்ஏஹெச். வோல்ட்ட ஆம்பியர்-ஹவரால பெருக்குனா வாட்-ஹவர், அதான் பேட்டரில இருக்கற மொத்த எனர்ஜி. 14.8ஐ 5ஆல பெருக்குனா 74. 22.2ஐ 5ஆல பெருக்குனா 111. இது பேட்டரி லேபிள்லயே அச்சடிச்சிருக்கு, நான் மனக்கணக்கு போட்டு ஏமாத்தல.

ரூல் என்னன்னு உங்க வெப்சைட்லயே இருக்கு, ஐகாவோ (ஐ.நா.வோட விமானப் போக்குவரத்து அமைப்பு) விதியும் அயாட்டா (ஏர்லைன்களோட சங்கம்) விதியும் அதேதான். உதிரி லித்தியம் பேட்டரி கேபின்லதான் வரணும், செக்-இன் லக்கேஜ்ல போடவே கூடாது. 100 வாட்-ஹவர் வரைக்கும் ஏர்லைன் கிட்ட தனியா அனுமதி வாங்கத் தேவையில்ல. 100க்கு மேல 160 வரைக்கும்னா ஏர்லைன் ஒப்புதல் வேணும், ஒரு ஆளுக்கு உதிரி ரெண்டுக்கு மேல கிடையாது. 160 தாண்டினா பயணி லக்கேஜ்ல உதிரியா வரவே முடியாது. நான் இந்த ரெண்டு 6எஸ் பேக்குக்கு முன்கூட்டியே உங்க டேஞ்சரஸ் குட்ஸ் பிரிவுக்கு மெயில் போட்டு, லேபிள் போட்டோவும் அனுப்பி, ஒப்புதல் வாங்கி, பிரின்ட் எடுத்து கையில வெச்சிருந்தேன். இதுக்கு மேல ஒரு பயணி என்ன பண்ணணும்னு எதிர்பாக்கறீங்க?

கவுண்டர்ல இருந்த தம்பி பேட்டரிய பாத்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சார் இதெல்லாம் கேபின்ல நாட் அலௌட், செக்-இன் பேக்ல போட்டுடுங்க." நான் இல்ல தம்பி, ரூல் நேர் மாறா இருக்கு, இது கீழ போனாதான் டேஞ்சர்னு சொன்னேன். உடனே சூப்பர்வைசர் வந்தார். பேட்டரிய கையில எடுத்து திருப்பித் திருப்பி பாத்துட்டு, "சார், லிமிட்டு 100, இதுல 5000னு போட்டிருக்கு, அம்பது மடங்கு அதிகமா கொண்டு வந்துட்டு எங்க கிட்ட ரூல் பேசுறீங்க"ன்னாரு.

அங்க நின்னவங்க எல்லாம் என்னைய ஏதோ குண்டு கொண்டு வந்தவன பாக்கற மாதிரி பாத்தாங்க.

5000ங்கறது எம்ஏஹெச், 100ங்கறது வாட்-ஹவர். ஒரு ஆளோட எடைய கேட்டா உயரத்த சொல்றாப்ல இருக்கு இது. அவர் பாக்கெட்ல இருந்த போன்லயும் அனேகமா 5000 எம்ஏஹெச் பேட்டரிதான் இருக்கும், அத ஏர்போர்ட்ல விட்டுட்டா ஃபிளைட் ஏறுவாரு? ஒரே ஒரு செல் இருக்கற போன்ல அந்த 5000க்கு 19 வாட்-ஹவர் கிட்ட வரும், நாலு செல் தொடரா இருக்கற என் பேக்ல 74 வரும். இன்னொண்ணு சொல்றேன், 20000 எம்ஏஹெச்னு விக்கற சாதாரண பவர் பேங்க் இருக்கே, அதுல 3.7 வோல்ட் செல், கணக்கு போட்டா அதுவும் சரியா 74 வாட்-ஹவர். என் 4எஸ் பேக்ல இருக்கற அதே எனர்ஜி. எனக்கு முன்னாடி நின்னவர் அப்படி ஒண்ண கையில வெச்சுகிட்டே போனார், அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. என்னோடது கனமா ஒயர் நீட்டிகிட்டு இருக்கு, பாக்க பயமா இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

லேபிள்ல 74ன்னு போட்டிருக்கறத விரல வெச்சுக் காட்டினப்புறம் 4எஸ் நாலையும் முணுமுணுத்துகிட்டே விட்டாரு. 6எஸ் ரெண்டுக்கும் உங்க ஒப்புதல் மெயில காட்டினேன். "எங்க சிஸ்டம்ல காட்டல சார்." மெயில்ல ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கு, அனுப்பின பிரிவோட பேர் இருக்கு, ஒரு போன் போட்டு கேளுங்கன்னேன். கேக்கல. பின்னாடி க்யூ நீளமாகுது, போர்டிங் டைம் நெருங்குது, கடைசில பேட்டரிய குடுத்துட்டுத்தான் போக முடிஞ்சுது. ரசீது கேட்டதுக்கு அப்படியெல்லாம் குடுக்கறதில்லன்னாங்க.

இதுல எனக்கு உண்மையிலேயே வயித்த கலக்குனது அடுத்து நடந்ததுதான். நான் ஒவ்வொரு பேட்டரிக்கும் கனெக்டர் மேல பிளாஸ்டிக் மூடி மாட்டி, பக்கத்துல இருக்கற சின்ன பேலன்ஸ் ஒயர் (எல்லா செல்லையும் சமமா சார்ஜ் பண்ற ஒயர்) முனைக்கு டேப் சுத்தி, தனித்தனி கவர்ல போட்டு கொண்டு வந்திருந்தேன். சார்ஜும் செல்லுக்கு 3.8 வோல்ட்ல, ஸ்டோரேஜ் அளவுல வெச்சிருந்தேன். அந்த சூப்பர்வைசர் "என்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டு டேப்ப உரிச்சாரு, மூடிய கழட்டி மேஜை மேல வெச்சாரு, அப்புறம் மூடி இல்லாமலே ரெண்டு 6எஸ் பேட்டரியயும் கவுண்டர் கீழ இருந்த டப்பாவுல தூக்கிப் போட்டாரு. அதுல ஏற்கனவே கத்தரிக்கோல், ஸ்பேனர், சிகரெட் லைட்டர்லாம் கிடந்துச்சு. 111 வாட்-ஹவர் பேட்டரி, முனை திறந்து கிடக்கு, சுத்தி இரும்புச் சாமான், பக்கத்துலயே கேஸ் லைட்டர். ஒரு கத்தரிக்கோல் முனை பேலன்ஸ் கனெக்டர்ல பட்டா போதும். நான் கத்தினேன் சார், உண்மையிலேயே கத்தினேன், அதுக்கு என்னைய "அன்ரூலி பாசஞ்சர்" (ரகளை பண்ற பயணி)னு ரிப்போர்ட் பண்ணுவேன்னு மிரட்டினாரு.

கேபின்லதான் வரணும்னு ஏன் ரூல் வெச்சாங்கன்னு உங்க டிரெய்னிங்ல சொல்லித் தர்றீங்களா இல்லையா? லித்தியம் செல் ஒண்ணு சூடாகி தெர்மல் ரன்அவே, அதாவது கட்டுப்பாடில்லாம தானா சூடேறிகிட்டே போற நிலை வந்துச்சுன்னா அந்தச் சூடு பக்கத்து செல்லுக்குப் போகும், அது அடுத்ததுக்கு போகும். சரக்கு அறைல இருக்கற ஹேலான் வாயு வெளில தெரியற தீய அமுக்கும், ஆனா செல்லுக்குள்ள நடக்கற அந்த வினைய நிறுத்தாது. கேபின்ல இருந்தா புகை வந்த உடனே யாராவது பாப்பாங்க, க்ரூ தீய அணைச்சுட்டு தண்ணிய ஊத்தி ஊத்தி குளிர வெச்சு அடுத்த செல்லுக்கு பரவாம பாத்துப்பாங்க. 2010 செப்டம்பர் 3ஆம் தேதி துபாய் கிட்ட ஒரு 747 சரக்கு விமானம் விழுந்துச்சே, அதுல நிறைய லித்தியம் பேட்டரி இருந்துச்சு, புகை காக்பிட்ட நிரப்பிடுச்சு, பைலட் ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. 2016 ஏப்ரல் 1லேர்ந்து பயணிகள் விமானத்துல லித்தியம் அயான் பேட்டரிய தனிச் சரக்கா ஏத்தறதையே ஐகாவோ நிறுத்திடுச்சு. இவ்வளவு நடந்திருக்கு, உங்க ஆள் "செக்-இன்ல போடுங்க"ன்னு சாதாரணமா சொல்றாரு. நான் தெரியாத ஆளா இருந்து அவர் சொன்னத கேட்டிருந்தா ஆறு பேட்டரியும் இறக்கைப் பெட்டிக்குள்ள கீழ போயிருக்கும். பைலட்லேர்ந்து செக்-இன் ஸ்டாஃப் வரைக்கும் எல்லாருக்கும் 24 மாசத்துக்குள்ள மறுபடி டேஞ்சரஸ் குட்ஸ் டிரெய்னிங் குடுக்கணும்னு இருக்கு. அந்த கவுண்டர் ஆளுங்களுக்கு கடைசியா எப்ப குடுத்தீங்கன்னு தேதியோட சொல்லுங்க.

இதோட முடிஞ்சுதான்னா இல்ல. போர்டிங் கேட்ல, சீட்டுக்கு மேல லக்கேஜ் வைக்கற இடத்துல இடமில்லன்னு கடைசி ஆளுங்களோட கேபின் பேக்க எல்லாம் டேக் போட்டு கீழ அனுப்ப ஆரம்பிச்சாங்க. கேட்ல பேக்க வாங்கும்போது உதிரி பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் வெளில எடுக்கச் சொல்லணும், இதுவும் ரூல்தான். ஒருத்தரையும் கேக்கல. டேக்க சுத்து, பேக்க தள்ளு, அடுத்த ஆள். நான் நாலு பேட்டரியயும் எடுத்து மடியில வெச்சுகிட்டேன், எனக்கு தெரிஞ்சதால எடுத்தேன். என்கூட நின்ன மத்தவங்க பேக்ல என்னென்ன இருந்துச்சோ அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். முன்னாடி கவுண்டர்ல பேட்டரி ரூல தாங்களே கண்டுபிடிச்ச மாதிரி வீராப்பா பேசினாங்க, கேட்ல அதே ரூல் காத்துல போச்சு.

இறங்கின இடத்துல இறக்கைப் பெட்டி வந்துச்சு. உங்க கிட்ட ஓவர்சைஸ் சார்ஜ் கட்டி, ஓவர்சைஸ் கவுண்டர்லயே குடுத்த பெட்டி அது. குடுக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும், திறந்து உள்ளயும் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன் (மாடல் ஃப்ளையிங் பண்றவங்க எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, உங்களமாதிரி கம்பெனிங்க பழக்கி விட்டதுதான்). பெட்டியோட ஒரு மூலைல உள்ள வரைக்கும் ஓட்டை, டிராலி முனையோ என்னவோ குத்தியிருக்கு. உள்ள வலது இறக்கையோட முன்விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு நொறுங்கி, பால்சா (லேசான மரம்) ரிப்ஸ், அதாவது உள்ள குறுக்கா இருக்கற சட்டம், மூணு உடைஞ்சு, மேல ஒட்டியிருந்த ஃபிலிம் கிழிஞ்சு தொங்குது. அங்கயே பேக்கேஜ் டெஸ்க்ல போய் பிஐஆர் (பேக்கேஜ் சேதத்த பதிவு பண்ற ரிப்போர்ட்) போட்டேன். அங்க இருந்த அம்மா ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, "ஃப்ரஜைல் ஸ்டிக்கர் ஒட்டும்போது நீங்க கையெழுத்து போட்டுட்டீங்க சார், கம்பெனி பொறுப்பில்ல." ரெண்டாவது, "பொம்மைதானே சார், பசை போட்டு ஒட்டிக்கலாமே."

பொம்மை விஷயத்துக்கு முதல்ல வர்றேன். இது ரெண்டு மீட்டருக்கு மேல இறக்கை நீளம் இருக்கற விமானம், கையில எறியற தெர்மாகோல் கிடையாது. நொறுங்கின இறக்கைய கண்ணளவுல ஒட்டினா லேசா முறுக்கிக்கும். ஒரு பக்க நுனியோட முன்விளிம்பு மேல் நோக்கி முறுக்கிகிட்டா, தரையிறங்க வேகத்த குறைக்கும்போது அந்தப் பக்க நுனிதான் முதல்ல ஸ்டால் ஆகும் (தூக்கி நிறுத்தற விசை போயிடும்), விமானம் அந்தப் பக்கமா பொசுக்குன்னு கவுந்துடும், அந்த உயரத்துல நிமித்த நேரமே இருக்காது. ஆளுங்க நிக்கற மைதானத்துல அப்படி ஒண்ண நான் பறக்க விட மாட்டேன். முன்விளிம்பயும் ரிப்ஸையும் மாத்தி, நேரான பலகைல வெச்சுக் கட்டி, புது ஃபிலிம் ஒட்டி, முறுக்கு இருக்கான்னு அளந்து, சென்டர் ஆஃப் கிராவிட்டி மறுபடி பாத்து எடுக்கணும். செலவு விவரம் தனி தாள்ல இருக்கு.

கையெழுத்து விஷயம். இது ரெண்டு நாட்டுக்கு இடைல நடந்த பயணம், ரெண்டு நாடும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்துல இருக்கு. செக்-இன் பண்ணின பேக்கேஜ் உங்க பொறுப்புல இருக்கும்போது சேதமானா நீங்கதான் பொறுப்பு, பேக்கேஜோட சொந்தக் குறையால வந்த சேதத்துக்கு விலக்கு உண்டு. பால்சா மெல்லிசா இருக்கறது குறைன்னு சொல்லுவீங்களோ என்னவோ, ஆனா பெட்டில வெளிலேர்ந்து ஓட்டை விழுந்தது பால்சாவோட குறை இல்ல. உங்க பொறுப்ப தட்டிக்கழிக்கற மாதிரி ஏதாவது கையெழுத்து வாங்கினாலும் அந்த ஷரத்து செல்லாதுன்னு 26ஆம் பிரிவு சொல்லுது. சேதம்னா பெட்டி கைக்கு வந்து ஏழு நாளைக்குள்ள எழுத்துல புகார் தரணும், அதனாலதான் பிஐஆர் போட்டதோட நிக்காம இதையும் இப்பவே அனுப்பறேன். 2024 டிசம்பர் 28லேர்ந்து பேக்கேஜ் இழப்பீட்டு வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தோட கணக்கு அலகு). நான் கேக்கறது அதுல பாதி கூட வராது.

இப்ப எனக்கு வேண்டியது. இறக்கை ரிப்பேர் செலவு முழுசா வரணும், வவுச்சரா வேணாம், காசா வேணும். ரெண்டு 6எஸ் பேட்டரிக்கும் பணம் வேணும், பேட்டரிய திருப்பி அனுப்பறேன்னு சொல்லாதீங்க, அந்த டப்பாவுல எப்படி கிடந்துச்சுன்னு தெரியாத லைப்போவ நான் இனிமே சார்ஜ்ல போட மாட்டேன், உங்க ஆளுங்க அத பத்திரமா டிஸ்போஸ் பண்ணட்டும். உங்க ஒரு பிரிவு குடுக்கற ஒப்புதல் கவுண்டர் ஸ்க்ரீன்ல ஏன் தெரியலன்னு எழுத்துல பதில் வேணும், தெரியற மாதிரி பண்ற வரைக்கும் அந்த மெயிலுக்கு என்ன மதிப்புன்னும் சொல்லுங்க. கவுண்டர்ல எம்ஏஹெச்ச வாட்-ஹவரா மாத்தற ஒரு சின்ன டேபிள ஒட்டி வைங்க, ஒரு தாள்தான். அந்த தம்பி மேல நடவடிக்கை எடுக்கணும்னு நான் கேக்கல, அவருக்கு யாரும் சொல்லித் தரல, அது முகத்துலயே தெரிஞ்சுது. டேப்ப உரிச்சு மிரட்டின சூப்பர்வைசர் கதை வேற, அவர் எனக்கு பதில் சொல்லணும்.

முப்பது நாள் பாக்கறேன். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு ரெடிமேட் லெட்டர் வந்தா அத பதிலா எடுத்துக்க மாட்டேன். வழக்கு போட ஒப்பந்தப்படி ரெண்டு வருஷம் டைம் இருக்கு, போட்டோ, பிஐஆர் நகல், ஒப்புதல் மெயில், பேட்டரி லேபிள் எல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க பயணி

இணைப்பு: போர்டிங் பாஸ், பேக்கேஜ் டேக், ஓவர்சைஸ் சார்ஜ் ரசீது, பிஐஆர் நகல், பெட்டி போட்டோ (குடுக்கறதுக்கு முன்னாடியும் வந்த பிறகும்), ஒப்புதல் மெயில், ரிப்பேர் செலவு விவரம்