ஆர்லிங்டனில் ஒரு கல்லறை

அன்புள்ள மகனுக்கு,

வாஷிங்டனிலிருந்து பொட்டோமாக் ஆற்றைக் கடந்தால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம் வந்துவிடும் என்று போனில் சொன்னாய். வருகிற கல்லறைத் திருநாளுக்கு நீ சின்னத்துறைக்கு வர முடியாது என்பதால், அன்று அங்கே சென்று, எல்ஸ்வொர்த் பெர்தால்ஃப் என்பவருடைய கல்லறையில் எனக்காக ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். 1915ஆம் ஆண்டு அமெரிக்கக் கடலோரக் காவல்படை உருவானபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் அவர். நம் கடலோரக் காவல்படையின் தேர்வுக்குப் படிக்கும் உன் தங்கைதான் அவரைப் பற்றி எனக்கு வாசித்துக் காட்டினாள்.

1897ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அலாஸ்காவின் வடகோடியில், திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்கள் பனிக்கட்டியில் சிக்கி, ஏறத்தாழ 265 பேர் உணவின்றித் தவிக்கும் நிலை வந்தது. அவர்களை மீட்கப் போன கப்பலுக்குப் பனியால் மேற்கொண்டு போக வழியில்லாததால், ஜார்விஸ், பெர்தால்ஃப் என்ற இரு அதிகாரிகளும் கால் என்ற மருத்துவரும் டிசம்பரில் கரையிறங்கி, நாய் வண்டிகளில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் பனியில் பயணம் செய்து, பனிமான் மந்தையை உணவுக்காக ஓட்டிச் சென்றார்கள். அந்த மான்களில் ஒரு பகுதி ஆர்டிசர்லுக் என்ற பூர்வகுடி மேய்ப்பருடையது. திருப்பித் தருவோம் என்ற வாக்கை மட்டும் நம்பி, தம் குடும்பத்தின் பிழைப்பு முழுவதையும் முன்பின் அறியாத கடலோடிகளுக்காக அவர் ஒப்படைத்தார். என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தில் மிகப் பெரிய மனிதர் அவரே என்பேன். 1898 மார்ச் இறுதியில் மந்தை போய்ச் சேர்ந்தது. பின்னர் அதிகாரிகள், மருத்துவர் என மூவருக்கும் அந்நாட்டு நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் வழங்கியது.

அதன்பின் பெர்தால்ஃப் 1911இல், கடலோரக் காவல்படைக்கு முன்னோடியாக இருந்த வருவாய்க் கப்பல் படையின் தலைவரானார். டைட்டானிக் மூழ்கிய பின் லண்டனில் கூடிய கடல் பாதுகாப்பு மாநாட்டில் பங்கேற்றார். முதல் உலகப் போர் முடிந்ததும், தம் படையைக் கடற்படையோடு நிரந்தரமாக இணைத்துவிடக் கூடாது என்று உறுதியாக நின்றார். போரிடுவதற்கென்று இருக்கும் படைக்கும், கடலில் தவிப்பவனைத் தேடிப் போவதற்கென்று இருக்கும் படைக்கும் உள்ள வேறுபாடு நம் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. 1919இல் ஓய்வு பெற்று, 1921இல் மறைந்தார்.

அவருடைய கல்லறையோடு திரும்பிவிடாதே. அதே தோட்டத்தில் ஒரு மேட்டின்மேல், சிறகு விரித்த வெண்கலக் கடற்பறவையுடன் பிரமிடு வடிவக் கல் நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. 1918 செப்டம்பர் 26 அன்று, பெர்தால்ஃப் தலைவராக இருந்த காலத்தில், அவருடைய படையின் டாம்பா என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது, ஒருவரும் பிழைக்கவில்லை, இறந்தவர்களில் கடலோரக் காவல்படையினர் மட்டும் 111 பேர். கரை சேர்ந்த உடல்கள் மிகச் சில. அவர்கள் பெயர்கள் அந்தக் கல்லில் உள்ளன.

2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் விசைப்படகுகளில் ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நீ அறிவாய். திருநாளன்று மெழுகுதிரி ஏற்ற அவர்களுடைய மனைவிமாருக்கு ஒரு குழிமேடுகூட இல்லை. ஆதலால் அந்தக் கல்லின் முன் நிற்கும்போது நம் ஊர்க்காரர்களையும் பெயர் சொல்லி ஜெபித்துக்கொள், மக்களே.

உன் தங்கை கேட்கிறாள்: கல்லறையையும் நினைவுச்சின்னத்தையும், எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி, தனித்தனியாகப் படமெடுத்து அவளுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா