கெம்சிங் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள கெம்சிங் ஊராருக்கும், எங்களை அங்கே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கும் வணக்கம்.

தேவாலயத்தின் முகவரிக்கு ஆங்கிலத்தில் ஒரு நன்றி அட்டை அனுப்பியாகிவிட்டது. அதில் எழுத இடமே இல்லை என்பது என் மாமியாரின் குறை. "யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று தமிழில் விவரமாக எழுது, நம் மனிதர்களும் படிக்கட்டும்" என்று உத்தரவு. அதனால் இந்த மடல்.

அத்தைக்குக் குளுக்கோமா. தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், லண்டனிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் புனித எடித் என்ற துறவியின் பெயரில், கண் நோய்க்குப் பெயர்போன புனிதக் கிணறு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அதைப் பார்க்காமல் திருச்சிக்குத் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். "குணமாகும் என்றா போகிறேன்? கண்ணுக்கென்றே ஒரு கிணறு வைத்திருக்கிறார்கள், ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டாமா?"

முதல் நன்றி செவனோக்ஸிலிருந்து எங்களை ஏற்றிச்சென்ற பஸ் ஓட்டுநருக்கு. பஸ்ஸின் முன்பக்கத்தைத் தாழ்த்தி, அத்தை கைத்தடியை ஊன்றி ஏறி, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்காரும்வரை வண்டியை நகர்த்தவே இல்லை. இறங்கவேண்டிய இடம் வந்ததும், "எடித் அம்மையாரின் கிணறு!" என்று குரல் கொடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தைக்கு அதில் பெருமைதான்.

கிணற்றைக் கண்டதும் அவருக்குச் சின்ன ஏமாற்றம். கோபுரமும் இல்லை, உண்டியலும் இல்லை. ஊர் நடுவே ஒரு துண்டுப் புல்வெளி, பக்கத்தில் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம், கல் வைத்துக் கட்டிய தாழ்வான கிணறு, அவ்வளவுதான். அங்கே செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்த பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கையை நீட்டி நீட்டி விளக்கினார். ஊருக்கு வடக்கே நிற்கும் மலைத்தொடர் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை அதற்குள் இறங்கி, அடியில் உள்ள களிமண் அடுக்கைத் தாண்ட முடியாமல், மலையடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. மலையடி நெடுகிலும் ஊர்கள் வரிசையாக அமைந்ததற்கு இந்த ஊற்றுகள்தான் காரணமாம். பெரியவரே, உங்கள் விளக்கத்தை நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அத்தை தலையாட்டினார் அல்லவா? அது மரியாதைக்காக அல்ல. அவர் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர்.

அடுத்து, நாய்க்குட்டியோடு அந்தப் பக்கம் வந்த ஓய்வுபெற்ற செவிலியருக்கு. அத்தை கிணற்று நீரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்று யோசித்து நின்ற நேரம் பார்த்து வந்தீர்கள். "வேண்டாம்" என்றீர்கள். முகத்தில் கேலி இல்லை, பதற்றமும் இல்லை. சுத்திகரிக்காத எந்த நீரிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி இருக்கலாம், அது கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வைக்கே உலை வைத்துவிடும், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். சொன்னதோடு விடவில்லை. என்ன மருந்து, எத்தனை வேளை, சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திப் பிடிக்கிறாரா என்று கேட்டு, எப்படி அழுத்துவது என்று அங்கேயே செய்து காட்டினீர்கள். மருந்து தொண்டைக்குள் இறங்கிப்போகாமல் கண்ணிலேயே நிற்க அதுதான் வழியாம். இத்தனை காலம் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. ஆக, கிணற்றுக்குப் போனதால் அத்தையின் கண்ணுக்கு உண்மையிலேயே ஒரு நன்மை கிடைத்தது. தண்ணீரைத் தொடாமலே! கடைசியில், "கையை நனைத்துக்கொள்ளலாம், தப்பில்லை" என்று நீங்களே அவருடைய முழங்கையைப் பிடித்துக் குனிய வைத்தீர்களே, அதைத்தான் அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புனித மேரி தேவாலயத்தில் எங்களுக்காக விளக்கைப் போட்டு, 13ஆம் நூற்றாண்டின் வட்டமான வண்ணக் கண்ணாடி ஓவியத்தைக் காட்டிய அம்மாவுக்கும் நன்றி. மேரியும் குழந்தையும் இருக்கும் அந்தச் சிறு வட்டத்தை அத்தை பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கியபோது, நீங்கள் அதன் பெரிய படம் ஒன்றை எடுத்துவந்து கையில் கொடுத்தீர்கள். எடித்தின் கதையையும் சொன்னீர்கள். இங்கிலாந்து மன்னர் எட்கரின் மகள். 961 வாக்கில் இந்த ஊரில்தான் பிறந்தார் என்பது மரபு. தாயோடு வில்டன் கன்னியர் மடத்தில் வளர்ந்து, 984இல், இருபத்து மூன்றே வயதில் மறைந்தார். துறவியாக இருந்தும் அரசகுலத்து ஆடை உடுத்திய அவரை ஆயர் ஒருவர் கண்டித்தாராம். உங்கள் கந்தல் தோலாடைக்குள் இருக்கும் மனத்தைவிட இந்தப் பட்டுக்குள் இருப்பது ஒன்றும் தாழ்ந்ததல்ல என்ற பொருளில் எடித் பதில் சொன்னாராம். பட்டுப்புடவையில் வந்திருந்த அத்தைக்கு அந்த நொடியிலேயே எடித்தைப் பிடித்துப்போயிற்று.

தானியக் கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் தேவாலய வளாகத்தில் எடித்தின் சிலை இருந்தது. பயிரில் கருகலும் பூஞ்சையும் விழாமலிருக்க உழவர்கள் விதைத் தானியத்தை அங்கே கொண்டுவருவார்கள். குரு பெரும்பங்கைத் தனக்கென எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் ஒரு கைப்பிடிக்குப் புனித நீர் தெளித்துத் திருப்பிக் கொடுப்பார். 16ஆம் நூற்றாண்டில் கென்ட்டைப் பற்றி நூல் எழுதிய வில்லியம் லம்பார்ட் இதை ஏளனத்தோடு எழுதிவைத்திருக்கிறார். ஏளனம் செய்தவர் எழுதியதால்தான் செய்தி நமக்குக் கிடைக்கிறது என்று நான் சொல்ல வந்தேன். அத்தை முந்திக்கொண்டார்: "பெரும்பங்கு யாருக்குப் போயிற்று பார்த்தாயா?" அதை மொழிபெயர்க்கலாமா என்று நான் தயங்கினேன். தேவாலயத்து அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்துவிட்டார்.

புனிதத் தலங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கழிப்பறையைப் பற்றி எழுதுவதில்லை. வயதானவர்களை அழைத்துச் செல்பவர்களுக்குத்தான் அந்தக் கவலை தெரியும். முன்பின் தெரியாத எங்களை வீட்டுக்குள் அழைத்து, கழிப்பறையைக் காட்டி, வெளியே வந்தபோது தேநீரும் தயாராக வைத்திருந்த குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது? பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுக் கலந்தீர்கள். அத்தை சொன்ன சர்க்கரை அளவைக் கேட்டு உங்கள் மகன் வாயைப் பிளந்தது எனக்கு மறக்காது.

பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது எங்களோடு நின்று பேச்சுத்துணை தந்த இளைஞருக்கும் நன்றி. 1911இல் கட்டிய புனித எடித் மண்டபத்தின் கடிகாரத்தில் இருக்கும் வரிகளைப் படித்துக் காட்டியவர் அவர்தான்: மணி சொல்வது என் வேலை, அதை நல்லபடியாகவோ மோசமாகவோ செலவழிப்பது உன் வேலை என்ற பொருளில் இருந்தது. "பஸ் எப்போது வரும் என்று அது சொல்லாதாமா?" என்றார் அத்தை.

எடித்தின் திருநாள் செப்டம்பர் 16. அத்தையின் விசா அதற்கு முன்பே முடிந்துவிடும். நானும் கணவரும் அந்த நாளையொட்டி வருவதாக இருக்கிறோம். அத்தை முறுக்கு சுட்டுக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவாராம். செவிலியர் அம்மாவுக்குத் தனி டப்பா. நாய்க்குட்டிக்கு முறுக்கு ஆகாது என்று நான் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அத்தையின் சார்பில் மருமகள்