பெல்ட்டும் கவாத்துக் கத்தரி உறையும்

அன்புள்ள கயலுக்கு,

பெல்ட் ஒன்றும், செடிக்கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரிக்கு இடுப்பில் மாட்டும் உறை ஒன்றும் நீயே செய்யப் போவதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதிவிடுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்.

முதலில் தோல். கடையில் பளபளப்பாகத் தொங்குவதில் பெரும்பாலானது குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. பைக்கும் செருப்பின் மேல்பாகத்துக்கும் அது நல்லது, உன் வேலைக்கு ஆகாது. நனைத்து அழுத்தினால் அந்த வடிவத்திலேயே நிற்பது மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் மட்டுந்தான். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு நம் பக்கத்தில் பதனிட்டு, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று கப்பலேற்றினார்களே, அந்த வகை. சென்னைப் பெரியமேட்டில் ‘வெஜிடபிள் டேன்’ என்று கேள். கடைக்காரர் சொன்னால் போதாது, வெட்டு ஓரத்தைப் பார். உள்ளே நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடினால் குரோம். முழுக்க ஒரே பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அந்த இடம் சட்டென்று கருத்தால் நம்முடையது.

பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மி.மீ., உறைக்கு 2.5 மி.மீ. பருமன் வேண்டும். பெல்ட் பட்டையை முதுகெலும்பை ஒட்டி, அதற்கு இணையாக வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், தொட்டால் மெத்தென்றும் இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் இழுபட்டு வளைந்து பாம்பு மாதிரி ஆகிவிடும். ஆட்டுத்தோல் இதற்குப் பருமனும் போதாது, நீளமும் போதாது. மாடு அல்லது எருமை பார். எருமையில் மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், உழைப்பில் குறைவில்லை.

அளவை பேன்ட் சைஸை வைத்து எடுக்காதே. 32 என்று போட்டிருக்கும் பேன்ட்டின் இடுப்பு 34, 35 அங்குலம்கூட இருக்கும். இப்போது போடும் பெல்ட்டை மேசையில் நீட்டி, பக்கிளின் கம்பியில் தோல் மடங்கும் இடத்திலிருந்து நீ மாட்டும் ஓட்டைவரை அள. அது 84 செ.மீ. என்று வைத்துக்கொள். மடிப்புக்கு 8, ஓட்டைக்கு அப்பால் வால் 17, ஆக 109. ஓரம் சீர்செய்ய 3 சேர்த்து 112-ஆக வெட்டு. 84-இல் விழுவது நடு ஓட்டை. அதற்கு முன்னும் பின்னும் 2.5 செ.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு. அகலம் 38 மி.மீ. போதும், ஆனால் பக்கிளைக் கையில் வாங்கி உள்ளகலம் பார்த்த பிறகுதான் தோலில் கத்தி வைக்க வேண்டும். பக்கிள் கெட்டிப் பித்தளையாக இருக்கட்டும். முலாம் பூசிய துத்தநாகக் கலப்பு வார்ப்பு முள்ளின் அடியிலேயே ஒடியும்.

வெட்டும்போது இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மெல்ல மூன்று நான்கு தடவை இழு. ஒரே இழுப்பில் வெட்டப் போனால் கத்தி சாய்ந்து, மேலே 38 இருக்கும், அடியில் 36 ஆகியிருக்கும். ஓட்டையை மரக்கட்டை மேல் வைத்துப் போடு. கருங்கல் மேல் அடித்தால் ஓட்டை போடும் உளியின் (பஞ்ச்) வாய் போய்விடும். பக்கிள் முள்ளுக்கு நீள ஓட்டை வேண்டும்: 25 மி.மீ. தூரத்தில் இரண்டு வட்டம் போட்டு நடுவை வெட்டி எடு. அந்த 8 செ.மீ. மடிப்பை மட்டும் சதைப்பக்கத்தில் (தோலின் உள்பக்கம்) பாதிப் பருமனுக்குச் சீவு. சீவாமல் மடித்தால் அந்த இடம் 8 மி.மீ. கட்டியாகித் துருத்தும், மேல்தோலும் வெடிக்கும்.

இனி உறை. இதில் கெடுவதெல்லாம் பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான்.

உன் கத்தரியை மூடி மேசையில் படுக்க வை. மேலே குறுக்காக ஒரு காகிதப் பட்டையைப் போட்டு, இருபக்கமும் மேசையைத் தொடும்வரை விரலால் ஒட்டி அழுத்து. அந்தக் காகிதம் எவ்வளவு போனதோ அதோடு தையலுக்குப் பக்கத்துக்கு 10 மி.மீ., தோல் வளைவதற்கு மொத்தமாக 5 மி.மீ. சேர்த்தால் முன்துண்டின் அகலம் வரும். பின்துண்டு தட்டை, கத்தரியின் அகலத்தோடு தையல் இடமும் இருந்தால் போதும். உயரம், கத்தரியின் ஆணி உள்ளே மறையும் அளவுக்கு. கைப்பிடி வெளியே நிற்க வேண்டும், கையுறையோடு பிடித்து உருவ வேண்டுமல்லவா?

முதலில் அட்டையில் வெட்டிப் பார். அங்கேதான் உன் இடது கைப் பழக்கம் கணக்கில் வரும். கத்தரியின் வளைவு ஒரு பக்கமாகத்தான் இருக்கும், அதனால் இடுப்பில் மாட்டினால் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று அட்டையை வைத்தே முடிவு செய். தோலில் வரையும்போது பின்துண்டுக்கு அட்டையைத் திருப்பிப் போட்டு வரை. இரண்டையும் ஒரே மாதிரி வரைந்தால், ஒன்றின் சதைப்பக்கம் வெளியே வந்துவிடும். வெட்டிய பிறகுதான் அது தெரியும், அப்போது இன்னொரு துண்டுத் தோலுக்குச் செலவு.

பெல்ட் நுழையும் பட்டையை முதலில் பின்துண்டில் தைத்துவிடு. பக்கங்களை மூடிவிட்டால் உள்ளே ஊசி போகாது. 38 மி.மீ. பெல்ட்டுக்கு இரண்டு தையலுக்கும் நடுவே 45 மி.மீ. விடு. வாய் ஓரத்தையும் இப்போதே தேய்த்து முடித்துக்கொள்.

இரண்டு துண்டுக்கும் நடுவில், தையல் ஓடும் வழி நெடுக, 10 மி.மீ. அகலத்தில் ஒரு தோல் கீற்று வைக்க வேண்டும். பலர் இதை வீண் என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கத்தரியின் அலகு ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் நூலைத்தான் தொடும். அடியில் மட்டும் ஒரு விரல் அகலம் தைக்காமல், கீற்றும் இல்லாமல் விடு. ஈரமும் பிசினும் இலைத்தூளும் அந்த வழியாக வெளியேறட்டும்.

ஒட்டுவதற்குச் செருப்புக் கடை சொல்யூஷன் போதும். இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் வராத பதம்வரை 10 நிமிடம் காயவிட்டு அழுத்து. வழவழப்பான மேல்பக்கத்தில் ஒட்ட வேண்டிய இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கு, இல்லையென்றால் உரிந்து வரும்.

தையலுக்கு 0.8 மி.மீ. மெழுகு நூல், இரண்டு மொட்டை ஊசி. நூல் நீளம் தையலைப் போல ஆறு மடங்கு, அதோடு பிடிக்கக் கொஞ்சம். 20 செ.மீ. தையலுக்கு 1.6 மீட்டர் எடு. ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி. ஒரே நூலின் இரு முனையும் ஒவ்வொரு ஓட்டையிலும் எதிரெதிராகக் கடக்க வேண்டும். வலது ஊசி முதலில் என்றால் கடைசிவரை வலதே முதலில், நூல் மேலே என்றால் கடைசிவரை மேலேதான். நடுவில் ஒரு தடவை மாறினாலும் தையலின் சாய்வு அந்த இடத்தில் பல்லிளிக்கும். முடிவில் மூன்று தையல் பின்னால் வந்து நறுக்கு. இந்தத் தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்க நூல் தாங்கிக்கொள்ளும், மெஷின் தையலுக்கு அந்த வசதி கிடையாது. மூன்று அடுக்கும் சேர்ந்து ஏழரை மி.மீ. வரும். குத்தூசி கொஞ்சம் சாய்ந்தாலும் பின்பக்கக் கோடு அலையும். உன் கைக்குக் கடினமாக இருந்தால் 1.2 மி.மீ. பிட் போட்டுக் கைத்துளைப்பானால் ஓட்டை போடு, வெட்கமில்லை.

தைத்த பிறகுதான் நனைப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடு. கொதிநீர் பட்டால் தோல் சுருங்கி மரக்கட்டையாகும். மேலே ஈர நிறம் போய் லேசாக வெளுக்க ஆரம்பிக்கும்போது, கத்தரியைப் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே இறக்கு. சுற்றாமல் வைத்தால் ஈரத்தில் இரும்பும் தோலின் துவர்ப்பும் சேர்ந்து கன்னங்கரேலென்று கறை பிடிக்கும். கடுக்காய்ச் சாற்றில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் மை ஆவது இதே விஷயந்தான். சின்னக் கறையாக இருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடை, மங்கும். ஸ்பூனின் பின்பக்கத்தால் கத்தரியின் விளிம்பு தெரியும்படி நீவிவிட்டு, நிழலில் காயவை. குன்னூர் மழையில் இரண்டு மூன்று நாள் ஆகும். ஹேர் டிரையர், அடுப்பங்கரை எதுவும் கூடாது.

காய்ந்தபின் ஓரத்தை 220 நம்பர், பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் தொட்டு, கெட்டி ஜீன்ஸ் துணியால் சூடேறும்வரை தேய். கண்ணாடி மாதிரி வந்ததும் தேன்மெழுகு. சாயம் வேண்டுமென்றால் எண்ணெய்க்கு முன்பே போட வேண்டும். எண்ணெய் இரண்டு மெல்லிய பூச்சுக்கு மேல் வேண்டாம், தோல் துவண்டு பெல்ட் நீளும். அங்கே யாராவது தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார்கள். அந்தக் குளிரில் உறைந்து நிற்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மாட்டுக்குளம்பு எண்ணெய் வாங்கு. வைக்கும்போது பிளாஸ்டிக் கவரில் கட்டாதே, பூஞ்சை பூக்கும். ராத்திரி கத்தரியை வெளியே எடுத்துத் துடைத்து வை, உறைக்குள் விட்டால் இரண்டும் கெடும்.

பழைய பெல்ட்டை டேப்போடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அட்டையையும் அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு தோலில் கத்தி வை.

அன்புடன்,
அப்பா